கத்திக்கும் ஒரு மேடை வேண்டும்

சமையல்காரரைக் கொண்டாடத் தெரிந்த மதுரை, கறி வெட்டுபவரையும் மீன் ஆய்பவரையும் எப்போது கொண்டாடப் போகிறது?

மதுரை மண்ணுக்குச் சாப்பாட்டுத் திருவிழா புதிதல்ல. திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியில், தை மாதம் வந்துவிட்டால் முனியாண்டி சாமிக்கு ஆட்டுக்கறி பிரியாணிதான் பிரசாதம். ஊர் ஊராகப் போய் முனியாண்டி விலாஸ் ஓட்டல் நடத்துகிறவர்கள் அன்றைக்குச் சொந்த ஊர் திரும்பி, எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த விழாவை எடுத்துவருகிறார்கள். நேர்த்திக்கடனாக வந்த கிடாக்கள் இரவோடு இரவாகக் கறியாகி, அண்டா அண்டாவாக வெந்து, விடியும் நேரத்தில் ஜனங்களின் கைக்கு வந்துவிடும். அதே வட்டாரத்தில் சொரிக்காம்பட்டி கரும்பாறை முத்தையா கோயில் கறி விருந்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் பந்தியில் உட்காருகிறார்கள். மேலூர், சிங்கம்புணரி பக்கம் கண்மாய்த் தண்ணீர் வற்றும் காலத்தில் ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துகிறது. இந்த விழாக்களைப் பற்றிப் பேசும்போது நாம் சாமியைச் சொல்கிறோம், சமையல்காரரைச் சொல்கிறோம், ருசியைச் சொல்கிறோம். அத்தனை கிடாக்களையும் ஒரே இரவில் உரித்து, எலும்பு சிதறாமல் துண்டு போட்டவர்கள் யார் என்று கேட்பதில்லை. இந்த மறதி தற்செயலானதல்ல. அதைச் சரிசெய்ய ஒரு நேரான வழி இருக்கிறது: உணவுத் திருவிழாவில் கறி வெட்டுக்கும் மீன் வெட்டுக்கும் முறையான திறன் போட்டி வைப்பது.

கிலோ விலையில் காணாமல் போகும் கைத்திறன்

ஒரு கறி எப்படி வெந்து வரும் என்பதில் பாதி, அது வெட்டப்படும்போதே முடிவாகிவிடுகிறது. சுக்காவுக்கு எடுக்கும் தொடைக்கறியைத் தசைநார் ஓடும் போக்குக்குக் குறுக்கே வெட்டினால் துண்டு மிருதுவாக வரும். நாரோடு சேர்த்து நீளவாக்கில் இழுத்துவிட்டால் எத்தனை நேரம் வேகவைத்தாலும் பல்லில் இழுபடும். நல்லி எலும்பை ஒரே வெட்டில் துண்டித்தால் மஜ்ஜை உள்ளேயே நிற்கும். கத்தி மழுங்கி இரண்டு மூன்று முறை கொத்தினால் எலும்புச் சில்லு குழம்பில் மிதந்து குழந்தையின் தொண்டையைத் தேடும். ஈரலோடு ஒட்டியிருக்கும் பித்தப்பையைக் கிழிக்காமல் எடுக்கத் தெரியாதவர் கையில் போனால் ஈரல் முழுவதும் கசப்பேறும். மதுரையின் கறி தோசைக்குக் கொத்துக்கறி கைக்கத்தியில் கொத்தியதாக இருந்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். இயந்திரத்தில் மசித்துவிட்டால் தோசையின் மேல் பசைபோலப் படியும். குடல் குழம்பும் மூளை வறுவலும் தலைக்கறியும் இந்த ஊரில் ஏழை, பணக்காரர் எல்லோரும் விரும்பிச் சாப்பிடும் பண்டங்களாக நிலைத்திருப்பதற்கு, அவற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்த கைகள் இருப்பதே காரணம்.

மீன் பக்கம் வந்தால் நுணுக்கம் இன்னும் கூடுகிறது. மீன் மார்க்கெட்டில் அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கவனித்தால் புரியும். அவர் கத்தியை மீனிடம் கொண்டுபோவதில்லை. நிற்கும் கத்தியை நோக்கி மீனை இரண்டு கையாலும் தள்ளுகிறார். வாலிலிருந்து தலை நோக்கிச் செதிலைச் சீவி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைத் திறந்து, பித்து உடையாமல் குடலை ஒரே இழுப்பில் எடுத்துவிட்டு, வஞ்சிரத்தை ஒரே கனத்தில் வில்லை போடுகிறார். கனம் மாறினால் தோசைக்கல்லில் ஒரு துண்டு கருகும்போது இன்னொன்று நடுவில் பச்சையாக இருக்கும். கண்மாய் விராலுக்கு வேறு பாடம்: வழுவழுப்புப் போக உப்போ சாம்பலோ போட்டு உரசிய பிறகுதான் கத்தி பிடிபடும். அயிரைக்குக் கத்தியே இல்லை. உயிரோடு இருக்கும்போதே மண்சட்டியில் உப்புப் போட்டு உரசி, மண் முழுவதும் கக்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும். பொறுமை குறைந்தால் அயிரைக் குழம்பு பல்லில் நறநறக்கும். கடல் மீன், குளத்து மீன், நண்டு, இறால் என்று ஒரு நாளில் இத்தனை வகையையும் கையாளுகிறவர் ஒரு பெரிய அறிவைச் சுமந்துகொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த அறிவுக்குச் சந்தையில் விலை இருக்கிறதா? இல்லை. ஆட்டுக்கறி கிலோ கணக்கில் விற்கிறது. நன்றாக வெட்டிய கிலோவுக்கும் மோசமாக வெட்டிய கிலோவுக்கும் ஒரே விலை. மீன் வெட்டுகிறவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பத்து ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்று வந்தவருக்கும் அதே கூலி. ஒரு தொழிலில் திறமையைப் பார்க்க வாடிக்கையாளரிடம் அளவுகோல் இல்லாதபோது, போட்டி விலையில் மட்டும் நடக்கும். விலையில் மட்டும் நடக்கும் போட்டியில் முதலில் அடிபடுவது சுத்தமும் பொறுமையும்தான். ஒரு காலத்தில் இந்தக் குறையை முகப்பழக்கம் ஈடுகட்டியது. நெல்பேட்டையிலோ புதூரிலோ ஒரு பாய் கடையில் மூன்று தலைமுறையாகக் கறி வாங்கும் குடும்பத்துக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. ‘பிள்ளை பெற்ற வீட்டுக்கு’ என்றால் எந்த இடத்துக் கறி என்று கடைக்காரருக்குத் தெரியும். இன்று கைபேசியில் சொல்லிப் பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. நம்பிக்கை மனிதரிடமிருந்து மூடியில் ஒட்டிய பெயருக்கு மாறிவிட்டது. டப்பாவுக்குப் பின்னால் வெட்டியவர் இன்னும் கண்ணுக்குத் தெரியாதவராகிவிட்டார். திறன் போட்டி இந்தக் குறையைத்தான் தொடுகிறது: கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் திறமையை ஊர் பார்க்க அளந்துகாட்டுகிறது.

உலகம் எப்படி அளக்கிறது?

உலக இறைச்சி வெட்டுநர் போட்டி ஒன்று இருக்கிறது. 2011-இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்களுக்குள் தொடங்கிய பந்தயம் இன்று பல நாட்டு அணிகள் மோதும் களமாக வளர்ந்திருக்கிறது. 2018-இல் பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து வென்றது. 2022-இல் அமெரிக்காவின் சாக்ரமெண்டோவில், கூடைப்பந்து அரங்கம் ஒன்றில் நடந்தபோது ஜெர்மனி வென்றது. 2025-இல் பாரிஸில் பிரான்ஸ் வென்றது. ஆறு பேர் கொண்ட அணிக்குப் பாதி மாடு, பாதி பன்றி, ஒரு முழு ஆடு, ஐந்து கோழி தருகிறார்கள். மூன்றேகால் மணி நேரத்தில் அவற்றை விற்பனைக்கு ஏற்ற துண்டுகளாக்கி மேசையில் அடுக்க வேண்டும். வெட்டும் நேர்த்தி, புதுமை, அடுக்கிய அழகு ஆகியவற்றோடு சுத்தமும் பாதுகாப்பும் மதிப்பெண்ணில் சேர்கின்றன. கையைக் கழுவாதவர் கத்தியில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஜெயிக்க முடியாது என்பதுதான் இதன் பொருள்.

மீன் வகையில் அயர்லாந்தின் கால்வே நகரம் நல்ல எடுத்துக்காட்டு. 1954 முதல் அங்கே சிப்பித் திருவிழா நடக்கிறது; அதன் உச்சம் சிப்பி திறக்கும் உலகப் போட்டி. ஒவ்வொருவரும் முப்பது சிப்பிகளைத் திறந்து தட்டில் அடுக்க வேண்டும். கடிகாரம் ஓடும், ஆனால் கடிகாரம் மட்டுமே தீர்ப்புச் சொல்வதில்லை. சதை கிழிந்தால், ஓட்டுத்தூள் ஒட்டியிருந்தால், ரத்தக்கறை பட்டிருந்தால் ஒவ்வொரு குறைக்கும் நேரத்தில் அபராதம் கூட்டுகிறார்கள். அவசரக்காரர் முதலில் முடித்தும் தோற்பார். பிரான்ஸ் இதைவிட ஒரு படி மேலே போகிறது. 1924 முதல் அந்த நாடு சிறந்த கைவினைஞர்களைக் கடுமையான தேர்வு வைத்துத் தேர்ந்தெடுக்கிறது. அதில் நகை செய்பவருக்கும் சமையல் கலைஞருக்கும் பக்கத்தில் கறிக்கடைக்காரருக்கும் மீன் கடைக்காரருக்கும் இடம் உண்டு. தேறியவர் நீலம், வெள்ளை, சிவப்புப் பட்டையிட்ட கழுத்துப்பட்டியை வாழ்நாள் முழுக்க அணியலாம். ஜப்பானில் நஞ்சுள்ள ஃபுகு மீனை வெட்ட அரசு உரிமம் கட்டாயம்; டோக்கியோவில் 1949-இலேயே அதற்கு விதி வந்துவிட்டது. இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு. வெட்டுவதை ஒரு தொழில்நுட்பமாக எண்ணி, அதற்குத் தேர்வும் தரமும் வைத்திருக்கிறார்கள். அதனால் ஜெர்மனியில் ஓர் இளைஞன் மூன்று ஆண்டு பயிற்சி முடித்துக் கறிக்கடையில் நிற்கும்போது, படித்த ஒரு வேலையைச் செய்கிறோம் என்ற தெம்போடு நிற்கிறான்.

நம்மிடம் பயிற்சியே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1999-இல் தொடங்கிய தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஹைதராபாத்தில் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் மதுரையிலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்டத்துக்கும் பஞ்சமில்லை: 2001-இன் இறைச்சிக்கூட விதிகள், 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் உண்டு. ஆனால் சட்டம் தவறு செய்பவரைத் தேடி வருகிறது. அழுகிய மீனைப் பறிமுதல் செய்கிறது, அபராதம் போடுகிறது. நன்றாகச் செய்பவரைத் தேடி வந்து முதுகில் தட்டிக்கொடுக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. தண்டனை மட்டும் உள்ள தொழிலில் மனிதர்கள் மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். பரிசும் சேர்ந்தால்தான் முன்னேறக் கற்றுக்கொள்வார்கள்.

மதுரைக்கு ஏற்ற பந்தயம்

வெளிநாட்டுப் போட்டியை அப்படியே தூக்கிவந்து வைத்தால் இங்கே ஒட்டாது. பாதி மாட்டை ஸ்டேக் துண்டுகளாக்குவது மதுரைக் கறிக்கடையின் அன்றாட வேலை அல்ல. நம் போட்டி நம் சட்டிக்குப் போகும் கறியைச் சோதிக்க வேண்டும். முதல் சுற்றில், முத்திரை பெற்ற ஒரு முழு வெள்ளாட்டைச் சுக்கா, சாப்ஸ், நெஞ்செலும்பு, பிரியாணித் துண்டு, கொத்துக்கறி என்று பிரிக்கச் சொல்லலாம். ஓர் ஆட்டின் உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும். ஆகவே எலும்பில் எவ்வளவு கறி விட்டுவைத்தார், எவ்வளவு வீணாக்கினார் என்பதைத் தராசு வைத்தே நிறுத்துப் பார்க்கலாம். இரண்டாம் சுற்று குடல், தலை, கால் சுத்தம். இதற்குத் தனிக் கத்தி, தனிக் கட்டை, தனித் தண்ணீர். குடல் அறுத்த கத்தி கறியைத் தொட்டால் அந்த இடத்திலேயே மதிப்பெண் போகும். புளியங்கட்டையைச் சுரண்டி, உப்புத் தேய்த்து, காயவைக்கும் முறையையும் நடுவர்கள் கேட்டுப் பார்க்கலாம். ஊரில் பாதி வயிற்றுக்கோளாறு எங்கே தொடங்குகிறது என்று பார்வையாளர்களும் அன்றைக்குத் தெரிந்துகொள்வார்கள்.

மீன் பகுதியில் வெட்டுக்கு முன்பே ஒரு சுற்று வேண்டும்: மீனை அறிதல். ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர், தூத்துக்குடியிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு மீன் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் இன்னும் தொலைவிலிருந்து வருகிறது. செவுளின் நிறம், கண்ணின் மினுமினுப்பு, விரல் வைத்து அழுத்தினால் சதை எழும்பும் வேகம் ஆகியவற்றை வைத்து எது இன்று வந்தது, எது ஐஸில் பல நாள் கிடந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் உண்டாகும்; எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. மீன் வெட்டுபவருக்கு இது தெரிந்திருந்தால் ஒரு தெருவையே காப்பாற்றுவார். அதன் பிறகு வஞ்சிரம் வில்லை, விரால் உரித்தல், நெத்திலி ஆய்தல், நண்டு சுத்தம், கடைசியில் அயிரை. இந்தச் சுற்றுகளில் அரிவாள்மனையில் உட்கார்ந்து வெட்டுபவரும், மேசையில் நின்று கத்தியால் வெட்டுபவரும் சமமாகப் போட்டியிடலாம். விளைவைத்தான் அளக்க வேண்டும், உட்காரும் முறையை அல்ல. மீன் ஆய்ந்து பிழைப்பவர்களில் பெண்கள் நிறையப் பேர் இருப்பதால், கறி விருந்துகளில் இடமில்லாத பெண்களுக்கு இந்த மேடையில் முதலிடம் கிடைக்க நல்ல வாய்ப்பும் உண்டு.

எதிர்வாதங்களும் பதில்களும்

முதல் எதிர்ப்பு எளிதில் ஊகிக்கக்கூடியது: உயிரைக் கொல்வதைக் காட்சிப் பொருளாக்கலாமா? கூடாது, அதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்தப் போட்டி கொல்வதில் தொடங்குவதில்லை. அனுப்பானடியில் உள்ள மாநகராட்சிக் கூடத்தைப் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்தில் அறுத்து, கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை இட்ட கறிதான் மேடைக்கு வர வேண்டும். அயிரைச் சுற்றைத் தனித் திரைக்குப் பின்னே நடத்தி, முடிந்த மீனை மட்டும் நடுவர்கள் பார்த்தால் போதும். ஒருவகையில், உயிருக்கு நாம் காட்டக்கூடிய மரியாதையும் இதில் அடங்கியிருக்கிறது. கொன்றுதான் சாப்பிடுகிறோம் என்றால், கொன்ற உயிரில் ஒரு துண்டுகூட வீணாகாமல் பார்த்துக்கொள்வது குறைந்தபட்சக் கடமை. வீணாக்காதவருக்குப் பரிசு தரும் போட்டி அந்தக் கடமையைச் சொல்லித்தருகிறது.

இரண்டாவது, கோயில் நகரத்தில் இது மனதைப் புண்படுத்தும் என்ற வாதம். 2014-இல் மாதிரிப் பதிவுமுறைக் கணக்கெடுப்பு சொன்னபடி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அசைவம் சாப்பிடுபவர்கள். எண்ணிக்கை அதிகம் என்பதற்காக மற்றவர் உணர்வைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கறிக்கடைகளை மூடும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அந்த நாட்களையும் கோயில் தெருக்களையும் தவிர்த்து, அரங்கத்துக்குள் நடத்தினால் போதும். விருப்பமில்லாதவர் கண்ணில் படாமலும், விருப்பமுள்ளவர் வெட்கப்படாமலும் நடத்த இந்த ஊருக்குத் தெரியும். ஆனால் எந்தக் கறிக்கு இடம் என்பதில் வேறு ஓர் எச்சரிக்கை தேவை. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிக்கு இடமில்லை என்றவுடன் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். அந்த விழா தள்ளிப்போனது. தொழிலுக்கு மரியாதை தேடும் மேடை, அதிலேயே ஒரு பகுதியினரை வாசலில் நிறுத்தினால் அதன் நோக்கமே கெட்டுவிடும். ஆடு, கோழி, மாடு, பன்றி, மீன் என்று சட்டம் அனுமதிக்கும் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பிரிவு வைப்பதே நேர்மை.

மூன்றாவது எதிர்ப்புதான் எடை மிகுந்தது. கறி வெட்டுவதும் மீன் வெட்டுவதும் இங்கே சில சமூகங்களின் தலையில் பிறப்போடு கட்டப்பட்ட வேலைகள். அதற்கு மாலை போட்டுக் கொண்டாடினால் அந்தக் கட்டை இன்னும் இறுக்கிவிட மாட்டோமா, அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகள் எந்த வேலைக்கும் போகலாம், போக வேண்டும். ஆனால் ஒரு வேலை இழிவாகவே இருக்கும்வரை அதைச் செய்கிறவருக்கு விட்டுப்போகும் உரிமை மட்டும்தான் கிடைக்கிறது. தலைநிமிர்ந்து அதிலேயே இருக்கும் உரிமை கிடைப்பதில்லை. பிறப்பைப் பார்த்து மதிப்பிடும் வழக்கத்தை உடைக்கத் திறமையைப் பார்த்து மதிப்பிடும் ஏற்பாடு வேண்டும். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், மேசைக்கு எண் மட்டும்தான் இருக்கும், யாருடைய துண்டு என்று நடுவருக்குத் தெரியாது என்ற விதியோடு நடக்கும் போட்டியில் சாதிக்கு வேலையில்லை. கேட்டரிங் கல்லூரி மாணவர் ஒருவர் கறிக்கடைத் தொழிலாளியிடம் தோற்று, பிறகு அவரிடமே போய்க் கற்றுக்கொண்டால், அந்த ஒரு மாலையில் நடக்கும் மாற்றம் பல மேடைப் பேச்சுகளால் நடக்காது.

நான்காவதாக, வேகப் போட்டி விரலைப் பறிக்கும் என்று அஞ்சுகிறவர்களுக்கு கால்வேயின் அபராத முறையே பதில். கண்ணி கோத்த கையுறை கட்டாயம், காயம் பட்டால் சுற்று முடிந்தது, நேரத்துக்கு மொத்த மதிப்பெண்ணில் சிறு பங்கு மட்டும் என்று விதி வைத்தால் வேகம் தானாக அடங்கும். ஆபத்தான திறமையை விதிக்குள் கொண்டுவருவது மதுரைக்குப் பழகிய வேலை. 2017 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூரில் மருத்துவச் சோதனை, பெயர்ப் பதிவு, தடுப்பு வேலி என்று ஜல்லிக்கட்டே ஒழுங்குக்குள் வந்திருக்கிறது. காளைக்கு விதி எழுதத் தெரிந்த மாவட்டத்துக்குக் கத்திக்கு விதி எழுதத் தெரியாதா? கடைசியாக, இதனால் லாபம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்கிறார்கள். போட்டி இல்லாமலே அவர்கள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். விளம்பரத்துக்குக் காசில்லாத தெருமுனைக் கடைக்காரருக்குத் தன் திறமையை ஊரறியச் சொல்ல இதைவிட மலிவான வழி கிடையாது.

என்ன செய்ய வேண்டும்?

மாநகராட்சி, உணவுப் பாதுகாப்புத் துறை, கால்நடைப் பல்கலைக்கழகம், மீன்வளத் துறை, வியாபாரிகள் சங்கங்கள் ஆகியவை சேர்ந்தால் தமுக்கம் மாநாட்டு மையத்தில் இரண்டு நாள் போதும். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திறன் திட்டங்களில் சமையலுக்கும் பேக்கரிக்கும் பக்கத்தில் இதையும் ஒரு பிரிவாகச் சேர்க்கலாம். பரிசு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு கோப்பையும் சால்வையும் வீட்டு அலமாரிக்குப் போய்விடும். வென்றவருக்கும், குறிப்பிட்ட மதிப்பெண் தாண்டிய எல்லோருக்கும், கடை முகப்பில் மாட்டும் தரப் பலகையை அரசு கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு எழுதிப் புதுப்பிக்க வேண்டும். மார்க்கெட்டில் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்பவருக்கு அதே தரச்சான்று ஒரு மேடை, ஓடும் தண்ணீர், ஐஸ் பெட்டி ஆகியவற்றோடு வர வேண்டும். சான்று பெற்றவருக்கு வெட்டுக்கூலி கூடுதலாக நிர்ணயிக்க மார்க்கெட் சங்கங்கள் முன்வர வேண்டும். அந்தக் கூடுதல் கூலி கிடைக்கும் நாளில்தான் இந்தப் போட்டி வெற்றி பெற்றதாகச் சொல்ல முடியும். அதுவரை நடப்பது வெறும் கைதட்டல்.

வாங்குகிற நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ‘என்ன விலை?’ என்று கேட்டுப் பழகிய வாய், ‘யார் வெட்டுவது, எந்தக் கத்தியில்?’ என்றும் கேட்கத் தொடங்கினால் கடைகள் ஒரே மாதத்தில் மாறும். அப்படிக் கேட்கப் பழகுவதற்குத்தான் ஊருக்கு முன்னால் ஒரு போட்டி வேண்டும் என்கிறோம். கறிக்கும் மீனுக்கும் இவ்வளவு செலவழிக்கும் ஊர், அதைச் சாப்பாடாக்கித் தரும் கைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது. வரும் தை மாதத்திலேயே அந்தக் கடனின் முதல் தவணையை மதுரை கட்டலாம்.